பேசப் பழகினால் தலைமைத்துவம் வருமா?

கேள்வி: 2024 மே 5, ஞாயிறு

மகன் உயர்தரம் எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை வீட்டில் நிற்கிறான். டவுனில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று ஒரு பேச்சுக் கழகம் நடக்கிறதாம், அதில் சேர்த்துவிட்டால் தலைமைத்துவம் வரும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். பேசப் பழகினால் தலைமைத்துவம் எப்படி வரும்? எங்கள் ஊரில் பேசத் தெரியாதவன் யார்? காசு பறிக்கிற வேலையா இது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.
(கொக்குவிலில் இருந்து ஒரு தகப்பன்)

மே 5, இரவு

வராது. பேசப் பழகினால் பேச வரும், அவ்வளவுதான். தலைமைத்துவம் வருகிறதென்றால், அந்தக் கழகத்தில் பேச்சைத் தவிர மற்ற வேலைகள் இருக்கிறதே, அதிலிருந்துதான் வருகிறது. பேச்சு என்பது தூண்டிலில் குத்திய புழு. புழு இல்லாமல் மீன் வராது என்பதால் சேர்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

நான் சில வருடமாக இப்படி ஒரு கழகத்தில் இருக்கிறேன், அதன் செயற்குழுவிலும் இருந்திருக்கிறேன். கழகத்தின் பெயரை இங்கே இழுக்கவில்லை. கரண்ட் மினுங்குகிறது, மிச்சம் பிறகு.

மே 7

முதலில் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொன்னது விளங்காது.

தயார் செய்துகொண்டு வரும் பேச்சுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். புதிதாகச் சேர்ந்தவர் தன்னைப் பற்றிப் பேசும் முதல் பேச்சுக்கு 4 முதல் 6 நிமிடம். அதற்குப் பிறகு டேபிள் டொபிக்ஸ்: பெயரைக் கூப்பிட்டு ஒரு தலைப்பைக் கையில் தருவார்கள், எழும்பி 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். பிறகு மதிப்பீடு. ஒவ்வொரு பேச்சையும் இன்னொரு அங்கத்தவர் எழும்பி 2 முதல் 3 நிமிடத்துக்குள் எடைபோட்டுச் சொல்வார். இதற்கெல்லாம் நேரம் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு.

இனி வேலைகளைப் பாருங்கள். கூட்டத்தை நடத்துகிறவர் ஒருவர், அவருக்குத்தான் அன்றைக்கு டோஸ்ட்மாஸ்டர் என்று பெயர். நேரம் பார்க்க ஒருவர். 'ஆ', 'ம்' என்று இழுப்பதை எண்ண ஒருவர். மொழியைக் கவனிக்க ஒருவர். டேபிள் டொபிக்ஸ் நடத்த ஒருவர். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மதிப்பீட்டாளர். அந்த மதிப்பீட்டாளர்களையும் சேர்த்து மதிப்பிட மேலே ஒருவர். மூன்று பேர் பேசுகிற கூட்டத்தில் மற்றவேலை பார்க்க ஒன்பதுபேர் வேண்டும். இது போக, வருடத்துக்கு ஏழு பேர் கொண்ட செயற்குழு. வருடம் என்பது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை.

ஆக, ஒருவர் அங்கே இருக்கிற நேரத்தில் பேசுவது கொஞ்சம். மிச்ச நேரமெல்லாம் கேட்பதும், கவனிப்பதும், ஆள் பிடிப்பதும், கதிரை அடுக்குவதும்தான்.

மே 7, பிறகு

"எங்கள் ஊரில் பேசத் தெரியாதவன் யார்" என்று கேட்டிருக்கிறீர்கள். பேசத் தெரிந்தவர்கள் நிறையப்பேர். நிறுத்தத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

எங்கள் வழக்கமான விழா ஒன்றை நினைத்துப் பாருங்கள். விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை நாலு, பிறகு சிறப்புரை. சிறப்புரைக்கென்று கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வந்த மனிசன் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது சபையில் பாதிப்பேர் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். தலைமையுரை சிறப்புரையை விட நீளம். "நேரத்தின் அருமை கருதி" என்று தொடங்குகிறவர்தான் எல்லோரிலும் நீளம். "இறுதியாக" என்பதை ஒரே பேச்சில் மூன்று தரம் கேட்டிருக்கிறேன். பிறகு "கடைசியாக ஒன்று" என்றும் வந்தது.

மே 9

இணுவில் அண்ணை ஒருவர் தனிச்செய்தியில் கோபப்பட்டிருக்கிறார்: "நாவலர் பெருமான் பிறந்த மண்ணுக்குப் பேச்சுப் பழக்க அமெரிக்காக்காரன் வேணுமா?"

நியாயமான கேள்வி. டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமெரிக்காவில் தொடங்கியதுதான். ஆனால் ஆறுமுக நாவலரின் கதை என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. 1847 டிசம்பர் 31, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் முதல் பிரசங்கம். வெள்ளிக்கிழமைகளில் தொடர்ந்தது. அந்தப் பிரசங்க முறையை அவர் எங்கே பக்கத்தில் இருந்து பார்த்தார்? வெஸ்லியன் மிஷனில், பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பு வேலை செய்த காலத்தில். எதிர்த்து நிற்க வேண்டியவர்களிடம் இருந்தே கருவியை எடுத்துக்கொண்டார். அதனால் வெளியூர்க்காரன் முறை என்பதை ஒரு குறையாக நாவலரை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்தது இன்னும் முக்கியம். பிரசங்கம் தொடங்கி ஒரு வருடத்துக்குள், 1848 இல், சைவப்பிரகாச வித்தியாசாலை. 1849 இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழ்நாட்டுக்குப் பயணம், அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' பட்டம் கொடுத்தது. பட்டம் நாவுக்குக் கிடைத்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஆள் சேர்த்ததும், காசு திரட்டியதும், அச்சு எழுத்து கோர்க்க ஆள் வைத்ததும் நாவால் மட்டும் ஆகிற வேலைகளா? வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தோடு நின்றிருந்தால் இன்றைக்கு அவரை யார் நினைப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

மே 10

அதே அண்ணை இன்றைக்குத் திரும்ப: "எப்பிடிப் பார்த்தாலும் பேச்சில்லாமல் தலைவன் இல்லை."

தந்தை செல்வா.

இதற்கு மேல் எழுதத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தமிழரசுக் கட்சியை நடத்திய செல்வநாயகத்தை மேடைச் சிங்கம் என்று யாரும் சொன்னதில்லை. சிவில் வழக்கறிஞர், மெல்லிய குரல், பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் அந்தக் குரலையும் இன்னும் சிறிதாக்கிவிட்டது. மேடையை அதிரவைக்க அமிர்தலிங்கம் போன்றவர்கள் இருந்தார்கள். ஆனால் 1961 பெப்ரவரிச் சத்தியாக்கிரகத்தில் யாழ்ப்பாண அரச செயலகமான கச்சேரி வாசலில் சனம் வந்து குந்தியது இந்த மெல்லிய குரலுக்காக. 1975 காங்கேசன்துறை இடைத்தேர்தலிலும் சனம் அவருக்குத்தான் போட்டது. அரசியலை விடுங்கள், சரி பிழையை வேறு இடத்தில் சண்டை பிடிப்போம். நான் சொல்வது இவ்வளவுதான்: சொன்ன சொல்லில் நிற்கிறார் என்று ஒருவரைச் சனம் நம்பினால், குரல் பின்வரிசைக்குக் கேட்கவேண்டும் என்றுகூட இல்லை.

மே 12

ஒருவர் கேட்கிறார், டோஸ்ட்மாஸ்டர்ஸ் தொடங்கியது 1932 என்று வாசித்தேன், வேறொரு இடத்தில் 1924 என்று இருக்கிறது, எது சரி என்று.

இரண்டும் சரி. ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் அமெரிக்காவில் வை.எம்.சி.ஏ.யில் வேலை செய்தவர். பேச வெட்கப்பட்ட இளைஞர்களுக்காக 1905 இல் இலினோய் மாநிலத்துப் புளூமிங்டனில் முதல் முயற்சி. இப்போதிருக்கும் அமைப்பின் முதல் கழகம் 1924 ஒக்டோபர் 22, கலிபோர்னியாவில் சாந்தா அனா. 1932 இல் சட்டப்படி பதிவு. பெண்களை அங்கத்தவராகச் சேர்க்காமல் 1973 வரை இழுத்தடித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

1924 என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. அதே வருடம் டிசம்பரில்தான் இங்கே ஹன்டி பேரின்பநாயகமும் கூட்டாளிகளும் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்தது அந்தப் பெடியள்தான். 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொல்லி, யாழ்ப்பாணத்து நாலு தொகுதியிலும் ஒருவரும் நியமனப்பத்திரம் போடாமல் வைத்ததும் அவர்கள்தான். பகிஷ்கரிப்பு நல்லதா கெட்டதா என்று இன்னும் வாதாடலாம். ஆனால் இருபது வயதுகளில் இருந்தவர்கள் மாநாட்டுக்குப் பந்தல் போட்டு, தீர்மானம் எழுதி, சாதி பார்க்காமல் எல்லோரையும் ஒரே பந்தியில் இருத்திச் சாப்பிட வைத்தார்கள். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் அந்தப் பந்தியை ஒழுங்குபண்ணுவது எந்தப் பேச்சையும் விடக் கஷ்டமான வேலை.

மே 15

கொக்குவில் ஐயா "உதாரணம் ஒன்று சொல்லுங்கோ, வரலாறு வேண்டாம்" என்கிறார். சரி.

எங்கள் கழகத்தில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் சேர்ந்தார். பெரிய பள்ளிக்கூடங்களில் இருந்தவர், நல்ல மனிசன், எல்லோருக்கும் 'சேர்'. அன்றைக்கு நேரம் பார்க்கும் வேலை மருந்துக்கடை ஒன்றில் நிற்கும் பிள்ளைக்கு. இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். அதோடு, சேரிடம் படித்த பிள்ளை.

எங்களிடம் விளக்கு இல்லை, மட்டை. பச்சை மட்டை காட்டினாள். மஞ்சள் காட்டினாள். ஏழாவது நிமிடத்தில் சிவப்பு. சேர் மட்டையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், "இந்த இடத்திலே ஒரு சிறிய கதை" என்று தொடங்கினார். இந்தப்பிள்ளை மட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தது. பிறகு தலைக்கு மேலே. கை நடுங்கியது பின்வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. ஒன்பதாவது நிமிடம். கூட்டம் நடத்துகிறவர் தன் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நாங்களும்தான், ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

அவள் எழும்பினாள். மட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கைதட்டத் தொடங்கினாள். ஒரு கணம் தனியாகத் தட்டினாள். பிறகு நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டோம். சேர் கதை முடிந்துவிட்டது என்று தானே நினைத்தாரோ, கைதட்டலில் மகிழ்ந்தாரோ தெரியாது, கும்பிட்டுவிட்டு இருந்துவிட்டார். அறிக்கை வாசிக்கும்போது அவள் அவருடைய நேரத்தையும் மற்றவர்களுடைய நேரத்தைப் போலவே நிமிடம் செக்கனோடு வாசித்தாள். குரல் கொஞ்சம் அடைத்தது. ஆனால் வாசித்தாள்.

சேர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. எங்களுக்குள் முணுமுணுப்பு, பிள்ளை மரியாதை இல்லாமல் நடந்துவிட்டது என்று இரண்டுபேர் குழுவில் எழுதினார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் சேர் வந்தார். கையில் ஒரு பழைய ஸ்டொப்வோச், இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்குப் பாவித்ததாம். அதைக் கொண்டுபோய் அவளுடைய மேசையில் வைத்தார். "போனில் பார்க்காதை பிள்ளை, இது சரியாய் ஓடும்." அவ்வளவுதான் கதைத்தது.

அவருடைய பேச்சு இப்போதும் நீளம்தான். ஸ்டொப்வோச் நல்லாக ஓடுகிறது.

அந்தப்பிள்ளை அன்றைக்கு மேடைப்பேச்சு ஒன்றும் பேசவில்லை, ஐயா. நான் முதல் நாள் எழுதியது இதைத்தான்.

மே 16

நேற்றையதில் ஒரு விடயம் விட்டுப்போனது. விதி ஏற்கெனவே எழுதி இருந்தபடியால்தான் அவளால் அதைச் செய்ய முடிந்தது. "சேர், நேரம் முடிஞ்சுது" என்று ஒரு சின்னப்பிள்ளை தன் சொந்த வாயால் சொன்னால் எங்கள் ஊரில் அது வாய்க்காட்டல். மட்டை சொன்னால் அது ஒழுங்கு. பேச்சுப் போட்டியில் இது இன்னும் இறுக்கம். 5 முதல் 7 நிமிடப் பேச்சில் 4 நிமிடம் 30 செக்கனுக்குக் குறைந்தாலும் 7 நிமிடம் 30 செக்கனைத் தாண்டினாலும் தகுதி இழப்பு, எவ்வளவு நல்ல பேச்சென்றாலும் சரி. 2014 இல் கோலாலம்பூரில் உலகச் சம்பியனான தனஞ்சய ஹெட்டியாராச்சியும் இந்தக் கட்டத்துக்குள் நின்றுதான் வென்றார். அந்தப் பட்டத்தை எடுத்த முதல் இலங்கையர் அவர்.

மே 19

மதிப்பீடு பற்றிக் கேட்டிருக்கிறார் சாவகச்சேரித் தம்பி. "ஒருவரை எல்லோருக்கும் முன்னால் விமர்சிப்பது அவமானம் இல்லையா அக்கா?"

எங்களுக்கு இரண்டு விதமான மதிப்பீடுதான் பழக்கம். ஒன்று, "நல்லாயிருந்தது". மற்றது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கொப்பியைத் தூக்கி எறிவது. நடுவில் ஒன்று இருக்கிறது என்பதையே நான் கழகத்தில்தான் பார்த்தேன்.

தாதி உத்தியோகத்தர் ஒரு தம்பியின் முதல் பேச்சு. பிழைகள் கனக்க. மதிப்பீட்டாளர் எழும்பி, பிழைப்பட்டியல் வாசிக்கவில்லை. "நீங்கள் முதல் பாதி முழுக்க வலது கையைக் காற்சட்டைப் பையில் வைத்திருந்தீர்கள். அம்மம்மாவுக்கு ஊசி போட்ட கதை வந்த இடத்தில் கை வெளியே வந்தது, ஊசியைப் பிடிக்கிற மாதிரி விரலை வைத்தீர்கள். சபை அந்த இடத்தில்தான் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தது. அடுத்த முறை கதையோடு தொடங்குங்கள்." இவ்வளவுதான். பேசியவருக்கு அடுத்த நாள் காலையில் செய்யக்கூடிய ஒரு வேலை கையில் கிடைத்துவிட்டது.

'முதலில் புகழ், நடுவில் குறை, கடைசியில் திரும்பப் புகழ்' என்று ஒரு முறை சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் விளங்கிவிடும், முதல் புகழைக் கேட்டவுடனேயே அடுத்து என்ன வரப்போகிறது என்று வயிறு இறுகும். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் போதும்.

நான் வேலை செய்யும் இடத்தில் கணக்குப் பிரிவில் புதிதாக வந்த பிள்ளைகளின் வேலையைப் பார்ப்பது என் பொறுப்பு. முன்பு "கவனமாகச் செய்யுங்கோ" என்பேன். கவனம் என்றால் என்ன செய்வது, பாவங்கள்? இப்போது "வவுச்சர் இலக்கம் எழுதமுதல் திகதியைப் பாருங்கோ" என்கிறேன். மேடையில் நான் பேசிய பேச்சுகளில் எதுவும் இந்தளவுக்கு எனக்கு உதவவில்லை.

மே 20

தம்பிக்கு விட்டுப்போன பாதி: அவமானமா என்றால், முதல் இரண்டு தரம் ஓம். பிறகு மதிப்பீடு தராமல் விட்டால்தான் கோபம் வரும்.

மே 23

வெசாக் லீவு. ஆறுதலாக எழுதலாம்.

செயற்குழுவில் எது கஷ்டம் என்றால் தலைவர் பதவி இல்லை. தலைவர் சுத்தியலைத் தட்டித் திறந்து வைப்பார், படத்தில் நடுவில் நிற்பார். கல்விக்கான உபதலைவர் என்று ஒரு பதவி இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நிகழ்ச்சிநிரலில் இருக்கிற எல்லாக் கட்டங்களையும் பெயர் போட்டு நிரப்புவது அவர் பாடு. அந்த வேலையை ஒரு வருடம் செய்தேன்.

தொடக்கத்தில் வட்ஸ்அப் குழுவில் "சனிக்கிழமைக்கு யார் யார் பேசுகிறீர்கள்?" என்று போடுவேன். நீல ரிக் எல்லாம் விழும். இரண்டு பேர் கும்பிடு போடுவார்கள். ஒருவர் 'குட் மோர்னிங்' ரோசாப்பூப் படம் அனுப்புவார். வெள்ளி இரவு வரைக்கும் கட்டம் வெறும் கட்டம்.

எல்லோரையும் கேட்டால் ஒருவரையும் கேட்கவில்லை என்று அர்த்தம். ஒவ்வொருவராக எடுக்க வேண்டும். எடுத்து, "ஏதாவது செய்கிறீர்களா" என்று கேட்கக் கூடாது. "போன தரம் இன்னார் பேசும்போது நீங்கள் குறிப்பு எழுதினதைப் பார்த்தேன், இந்த முறை அவருடைய பேச்சை நீங்கள் மதிப்பிட்டால் நல்லது" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. மறுத்தாலும் காரணம் சொல்வார்கள், அந்தக் காரணத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மாமி ஆஸ்பத்திரியில், பிள்ளைக்குப் புலமைப்பரிசில் சோதனை, புருஷனுக்குப் பிடிக்கவில்லை. இதெல்லாம் தெரிந்தால்தான் அடுத்த மாதம் யாரை எங்கே போடலாம் என்று தெரியும்.

அலுவலகத்தில் ஒருவர் வேலை செய்யாவிட்டால் சம்பளம் இருக்கிறது, மெமோ இருக்கிறது. இங்கே ஒன்றும் இல்லை. அவர்தான் காசு கட்டி வந்திருக்கிறார். சம்பளம் கொடுக்காமல் ஒரு மனிசனை மழைக்குள் சைக்கிளில் வரவைத்துப் பார்த்தவருக்கு மற்ற இடங்களில் ஆள் நடத்துவது அவ்வளவு பாரமாகத் தெரியாது. எங்கள் ஒழுங்கைக் கோவில் திருவிழாவுக்கு உபயகாரர் கூட்டம் வைத்தபோது இதே முறையில் தனித்தனியாகக் கதைத்துத்தான் அன்னதானத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தேன். ஐயர் இன்னும் ஆச்சரியப்படுகிறார்.

மே 24

"அந்த ரோசாப்பூ ஆள் நான்தானோ?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். ஓம்.

மே 29

காசு. ஐயா முதல் நாளே கேட்டது, இவ்வளவு நாளும் நான் தொடவில்லை.

அமைப்புக்குப் போகும் சந்தா டொலரில். 2024 இல் ஆறு மாதத்துக்கு 60 டொலர், அத்தோடு சேரும்போது ஒருதரம் 20 டொலர். 2024 மே கணக்கில் டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 18,000 ரூபா. கழகம் மண்டப வாடகை, தேத்தண்ணிச் செலவுக்கு மேலே கொஞ்சம் சேர்க்கும். வேலையில்லாத பெடியனுக்கு இது சின்னக்காசு இல்லை.

2022 ஐ மறக்கமுடியாது. சந்தா அப்போது 45 டொலர்தான். டொலர் 200 ரூபாவில் நின்றபோது 9,000. சில மாதத்தில் 360 ஐத் தொட்டபோது அதே 45 டொலர் 16,200. ஒருவருடைய சம்பளமும் கூடவில்லை. அந்த ஒக்டோபர்ப் புதுப்பித்தலில் எத்தனைபேர் கழன்றார்கள் என்பது பொருளாளருக்கும் எனக்கும் தெரியும். அதற்கு முன்பு பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, சைக்கிளில் வந்து மெழுகுதிரியில் கூட்டம். மட்டையின் நிறம் தெரியவில்லை என்று நேரம்பார்ப்பவர் போன் வெளிச்சத்தை மட்டைக்குப் பின்னால் பிடித்தார்.

காசு பறிப்பா என்றால், இல்லை. செயற்குழுவில் ஒருவருக்கும் ஒரு சதம் கிடையாது. ஆனால் காசு காசுதான். விருந்தினராக வந்து பார்க்கக் காசில்லை. முதலில் இரண்டு மூன்று தரம் வந்து பார்க்கட்டும், பிறகு முடிவெடுக்கலாம்.

ஜூன் 2

இவ்வளவும் புகழ்ந்துவிட்டு இப்போது மற்றப்பக்கம்.

ஒன்று, சான்றிதழ்ப் பிடி. ஐந்து படிநிலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டம், பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். எங்கள் சனத்துக்குப் பட்டம் என்றால் கேட்கவா வேண்டும். படிநிலையை முடிப்பதற்காகவே பேசுகிறவர்கள் உண்டு. ஒரே பேச்சைத் தலைப்பை மாற்றித் திரும்பப் பேசியவரையும் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, போய்விடுகிறார்கள். வெளிநாடு போக ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலச் சோதனை எழுதப்போகிற பிள்ளைகளுக்குக் கழகம் ஒரு பயிற்சி நிலையம். கனடாவுக்கோ கொழும்புக்கோ ஒருவர் கிளம்பும்போது விடைகொடுக்கும் பேச்சு எங்களுக்கு நல்லாகப் பழகிவிட்டது. ஒரு வருடம் தலைவரே இடைநடுவில் விசா வந்து போனார். கோபிக்க முடியுமா? அன்றிலிருந்து எந்தப் பொறுப்புக்கும் பக்கத்தில் ஒருவரைச் சேர்த்தே போடுகிறோம். கடவுச்சொல்லும் வங்கிப் புத்தகமும் மண்டபத் திறப்பும் இரண்டுபேர் கையில். யாழ்ப்பாணத்தில் எந்த அமைப்பையும் நடத்துகிறவர் முதலில் படிக்கவேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன், நாளைக்கு நீங்களே விமானம் ஏறலாம்.

மூன்றாவது, எல்லோரும் ஒரே மாதிரிப் பேசத் தொடங்குகிற நோய். இரண்டு கையையும் விரித்து, மூன்று அடி முன்னால் வந்து, ஒரு இடைவெளி விட்டு, "நண்பர்களே..." பக்கத்து வீட்டுக்காரரிடம் மோட்டர் கடன் கேட்கும்போதும் அப்படிக் கையை விரிப்பார்களோ என்று எனக்கு ஒரு பயம்.

ஜூன் 3

பெண்பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று ஒரு அம்மா கேட்கிறார். தாராளமாக. எங்கள் கூட்டம் இருட்ட முதல் முடியும், கடைசி பஸ்ஸைப் பார்த்தே நேரம் வைத்திருக்கிறோம். வாசலில் மோட்டார்சைக்கிளோடு நிற்கும் அப்பாக்கள்தான் எங்கள் மாறாத விருந்தினர்கள். ஒருவரை உள்ளே கூப்பிட்டு டேபிள் டொபிக்ஸ் கொடுத்தோம், தலைப்பு 'காத்திருத்தல்'. அன்றைக்குச் சிறந்த பேச்சாளர் அவர்தான்.

ஜூன் 9

ஆங்கிலமா தமிழா என்ற சண்டை மூன்று நாளாக ஓடுகிறது, நான் வாய் திறக்காமல் இருந்தேன். பெடியள் வேலைக்காக ஆங்கிலத்தைத் தேடி வருகிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தமிழில் நடக்கும் கழகங்களும் உண்டு. நான் கண்டது ஒன்று: ஆங்கிலத்தில் எல்லோருக்கும் நாக்குக் குழறுவதால் அதிபரும் மருந்துக்கடைப் பிள்ளையும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். தமிழில் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் யார் பண்டிதர், யார் மாணவர் என்று பிரிந்துவிடும். ஆனால் ஊரில் ஆள் நடத்தப்போகிறவன் தமிழில்தானே நடத்தவேண்டும்? அதனால் இரண்டு மொழியிலும் மாறிமாறி வைக்கலாம் என்பது என் எண்ணம். செயற்குழுவில் இதைச் சொல்லி இன்னும் வெல்லவில்லை.

இழுவைச்சொல் எண்ணுகிறவருக்குத் தமிழ்க் கூட்டம் என்றால் பெருநாள். ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஆ', 'ம்'தான். தமிழில் 'வந்து', 'அதாவது', 'என்னெண்டா', 'பாருங்கோ', 'என்ன சொல்லுறது' என்று கை ஓயாது.

ஜூன் 10

இணுவில் அண்ணை: "நீர் எழுதுவதில் 'ஆனால்' எத்தனை என்று எண்ணிப் பாரும்."

எண்ணவில்லை. ஆனால் இருக்கும்.

ஜூலை 1

இன்றைக்குப் புதுச் செயற்குழு பொறுப்பெடுக்கிறது, எனக்குக் கொஞ்சம் ஓய்வு. நல்லூர் கொடியேறினால் இருபத்தைந்து நாளைக்கு ஒரு கூட்டத்துக்கும் ஆள் வராது, அதற்குள் இரண்டு கூட்டமாவது வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக வந்த கேள்வி மன்னாரில் இருந்து. சனசமூக நிலையத்தில் தாங்களே இப்படி ஒன்றைத் தொடங்கலாமா என்று ஒரு ரீச்சர் கேட்கிறார்.

அமைப்போடு இணைத்துப் பதிவதென்றால் குறைந்தது 20 அங்கத்தவர் வேண்டும், பதிவுக் கட்டணம் 2024 இல் 125 டொலர், அதற்கு மேலே ஆளாளுக்குச் சந்தா. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளென்றால் கவல் கழகம் என்று வேறொரு வகை இருக்கிறது. இதையெல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம் ரீச்சர். முதல் ஆறு மாதம் ஒன்றிலும் பதியாமல் நடத்துங்கள். எட்டுப்பேர் போதும். வேலைகளை ஒவ்வொரு கூட்டத்திலும் சுற்றிவிடுங்கள், ஒருவரே இரண்டு தரம் தொடர்ந்து நடத்தவிடாதீர்கள், குறிப்பாக உங்களை. தலைமையுரை வேண்டாம். பிரதம விருந்தினர் வேண்டாம். பொன்னாடை வேண்டவே வேண்டாம். மூன்று நிற மட்டை, ஒரு கொப்பி, ஒரு மணிக்கூடு.

சனசமூக நிலையத்துச் சுவர் மணிக்கூட்டை நம்பாதீர்கள். எந்த ஊரிலும் அது ஓடி நான் பார்த்ததில்லை. பற்றரி வாங்கிக்கொண்டு போங்கள்.